பழுதான துப்பாக்கிக்குத்தான் மவுசு! - ஸ்பிரிங்ஃபீல்டு மேட்டில் ஒரு சுற்று

பாஸ்டனிலிருந்து மேற்கே காரில் ஒன்றரை மணி நேரம். கனெக்டிகட் ஆற்றங்கரையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது ஸ்பிரிங்ஃபீல்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நடுத்தரமான ஊர் இது. கூடைப்பந்து விளையாட்டு 1891-ல் பிறந்தது இங்கேதான். குழந்தைகள் கொண்டாடும் டாக்டர் சூஸ் புத்தகங்களை எழுதியவரும் இந்த ஊர்ப் பிள்ளைதான். குடும்பத்தோடு வருகிறவர்கள் இந்த இரண்டுக்கும் இருக்கிற மியூசியங்களைப் பார்த்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் ஆற்றங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நேராக ஸ்டேட் ஸ்ட்ரீட் மேட்டில் ஏறுகிறார்கள். உயரமான இரும்பு வேலி சுற்றி நிற்கும் ஒரு பெரிய வளாகம். உள்ளே பச்சைப் புல்வெளி, செங்கல் கட்டடங்கள், புத்தகப் பையோடு போகும் கல்லூரி மாணவர்கள். வளாகத்தின் பெரும்பகுதியில் இப்போது ஒரு சமுதாயக் கல்லூரி நடக்கிறது. எஞ்சிய பகுதிதான் இவர்கள் தேடி வரும் இடம். ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி. 1794 முதல் 1968 வரை அமெரிக்க ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுத்த அரசுத் தொழிற்சாலை. இதே பெயரில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தனியார் கம்பெனி துப்பாக்கி விற்கிறது. பெயர் மட்டும்தான் ஒன்று, அது வேறு, இது வேறு.

இந்த மேட்டைத் தேர்ந்தெடுத்ததில் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பங்கு உண்டு. சுதந்திரப் போர் நடந்த 1777-ல் இங்கே ஆயுதக் கிடங்கு வந்தது. ஆறு பக்கத்தில் இருந்தாலும் கடலிலிருந்து வரும் எதிரிக் கப்பல் இதுவரை ஏறி வர முடியாது என்பது கணக்கு. பத்து ஆண்டு கழித்து, 1787 ஜனவரியில், எதிரி கடல் வழியாக வரவில்லை. கடன் கழுத்தை நெரித்த உள்ளூர் விவசாயிகளே டேனியல் ஷேஸ் தலைமையில் கிடங்கைப் பிடிக்க வந்தார்கள். பீரங்கி சுட்டது. நான்கு பேர் செத்தார்கள். புதிய நாட்டுக்கு வலுவான அரசியலமைப்பு வேண்டும் என்ற பேச்சு சூடானதற்கு அந்தக் கலவரமும் ஒரு காரணம்.

இப்போது மியூசியம் இருப்பது பழைய பிரதானக் கிடங்குக் கட்டடத்தில். நுழைந்ததும் கண்ணை இழுப்பது நூற்றுக்கணக்கான மஸ்கெட் துப்பாக்கிகளைச் செங்குத்தாக அடுக்கி நிறுத்தியிருக்கும் பெரிய மரச்சட்டம். தேவாலயங்களில் இருக்கும் ஆர்கன் வாத்தியத்தின் குழல்களைப் போலவே இருக்கும். 1843-ல் புதுமனைவி ஃபேன்னியோடு தேனிலவுப் பயணத்தில் இங்கே வந்த கவிஞர் லாங்ஃபெல்லோவிடம் அந்த ஒற்றுமையைச் சொன்னது ஃபேன்னிதான். போருக்கு எதிராக ஒரு கவிதை எழுதும்படி தூண்டியதும் அவர்தான். அவர் எழுதிய கவிதையின் பெயரே இந்தக் கிடங்கின் பெயர். துப்பாக்கித் தொழிற்சாலையைப் பார்க்கத் தேனிலவில் வந்த தம்பதியை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் காலத்தில் இது ஊரின் பெரிய வேடிக்கை. இன்று சட்டத்தில் நிற்பவை 1861-ஆம் ஆண்டு மாடல் என்பதால், அவர்கள் பார்த்தது இதே துப்பாக்கிகளாக இருக்க முடியாது.

சற்றுத் தள்ளி தாமஸ் பிளான்சர்டின் கடைசல் எந்திரம். துப்பாக்கியின் மரக்கட்டை வளைவும் நெளிவுமாக இருக்கும். 1820-களுக்கு முன் ஒவ்வொன்றையும் தச்சர் கையால்தான் செதுக்க வேண்டியிருந்தது. பிளான்சர்டு ஒரு மாதிரிக் கட்டையை எந்திரத்தில் பொருத்தினார். ஒரு சக்கரம் அதன் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே போக, இணைந்திருக்கும் வெட்டுச் சக்கரம் பக்கத்தில் சுழலும் மரத்தை அதே வடிவத்தில் செதுக்கும். சாவி நகல் எடுக்கும் கடையில் பார்க்கும் அதே தந்திரம்தான், இருநூறு ஆண்டுக்கு முன்பு, மரத்தில். பின்னாளில் செருப்பு அச்சு, கோடரிக் காம்பு எல்லாம் இதே வழியில் வந்தன.

சேகரிப்பாளர்கள் இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். அவர்கள் நிற்கும் இடம் வேறு. கண்ணாடிப் பேழைகளுக்கு முன், மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி, ஒரு திருகாணியையோ சின்ன முத்திரையையோ உற்றுப் பார்த்தபடி நிற்பார்கள். அவர்கள் தேடுவது தொழிற்சாலையின் வெற்றிகளை அல்ல. முதல் சில ஆண்டுகளில் செய்து, பிறகு 'இது சரிப்படாது' என்று கழற்றி எறிந்தவற்றை.

ஜனாதிபதி எழுதிய கடிதம்

இதற்கு நல்ல உதாரணம் 1903 மாடல் ரைஃபிள். முதலில் வந்தபோது அதன் குழலுக்குக் கீழே ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருந்தார்கள். வெளியே இழுத்தால் அதுவே குத்தும் ஆயுதம். தனியாகக் கத்தி சுமக்க வேண்டாம், காசும் எடையும் மிச்சம். காகிதத்தில் நல்ல யோசனைதான். ஆனால் அன்றைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், கியூபாவில் தானே போர்முனையைப் பார்த்தவர். 1905 ஜனவரியில் போர்த்துறைச் செயலர் டாஃப்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மிதமாக அடித்தாலே முறிந்துபோகும் இந்தக் கம்பியைப் போல மோசமான கண்டுபிடிப்பைத் தான் பார்த்ததில்லை என்பது அதன் சாரம். ஜனாதிபதியே சொன்ன பிறகு என்ன? தயாரிப்பு நின்றது. கம்பி போய் வழக்கமான கத்தி வந்தது. அடுத்த ஆண்டே தோட்டாவும் மாறியதால், ஏற்கெனவே செய்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளும் திரும்பி வந்து புது உருவம் எடுத்தன. ஏதோ ஒரு மூலையில் கண்ணில் படாமல் தப்பியவை மட்டுமே கம்பியோடு மிஞ்சின. இன்று அப்படி ஒன்று ஏலத்துக்கு வந்தால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

அதே மாடலில் இன்னொரு கதை, கொஞ்சம் பயமுறுத்தும் கதை. தோட்டா வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்கும் உடல்பகுதியை 'ரிசீவர்' என்பார்கள். அதை உலையில் பழுக்கக் காய்ச்சுவார்கள். பதம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? அனுபவசாலித் தொழிலாளி இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வார். முதல் உலகப் போர் சமயத்தில் சில துப்பாக்கிகள் சுடுகிறவர் கையிலேயே சிதறின. விசாரித்தார்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மேகமூட்டமான நாளில் சரியாகத் தெரிந்த அதே நிறம், வெயில் நாளில் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. தொழிலாளி இன்னும் சூடாக்கியிருக்கிறார். வித்தியாசம் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை! அப்படி வெந்த எஃகு கண்ணாடி போல நொறுங்கும்.

1918-ல் பக்குவப்படுத்தும் முறை மாறியது. ஸ்பிரிங்ஃபீல்டில் செய்த 1903 ரைஃபிளின் வரிசை எண் 8,00,000-க்குக் கீழே இருந்தால், சேகரிப்பாளர் அதைச் சுவரில் மாட்டி ரசிப்பார், சுட மாட்டார். தன் துப்பாக்கி செய்த நாளில் ஸ்பிரிங்ஃபீல்டில் வெயிலா, மேகமா என்று யாருக்குத் தெரியும்?

தறிப்பட்டறைச் சிறுவன்

ஆனாலும் இந்த மேட்டின் நாயகன் என்றால் ஜான் கேரண்ட்தான். 1888 புத்தாண்டு அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். சின்ன வயதில் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. துணி ஆலையில் தரை கூட்டும் வேலை. எந்திரங்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்று, கருவி செய்யும் மெக்கானிக் ஆனார். 1919-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில் சேர்ந்தார். பனிச்சறுக்கு என்றால் உயிர். வீட்டுக் கூடத்திலேயே தண்ணீர் விட்டு உறைய வைத்துச் சறுக்கினார் என்று ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் இழுத்துத் தள்ளாமல், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. பதினேழு ஆண்டு பிடித்தது. நடுவில் சிறிய அளவுத் தோட்டாவுக்கு ஏற்றபடி கிட்டத்தட்ட முடித்த வடிவத்தை, 1932-ல் ராணுவத் தலைமைத் தளபதி மெக்ஆர்தர் ஏற்கவில்லை. கையிருப்பில் மலை போலக் கிடந்த பழைய அளவுத் தோட்டாவுக்கே செய்யுங்கள் என்றார். அதையும் செய்தார். 1936-ல் ராணுவம் ஏற்றுக்கொண்டது. பெயர் எம்1.

1937-ல் முதல் துப்பாக்கிகள் வெளியே வந்தன. அவற்றில்தான் சேகரிப்பாளர்களின் உயிர் இருக்கிறது.

தோட்டா பறக்கும்போது அதன் பின்னால் வெடிமருந்தின் வாயு சீறி வரும். அந்த வாயுவின் ஒரு பகுதியைப் பிடித்துத்தான் எம்1 அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. கேரண்டின் முதல் வடிவத்தில், குழலின் நுனியில் ஒரு தொப்பி போன்ற உறுப்பு இருந்தது. தோட்டா குழலைத் தாண்டியதும் வாயு அந்தத் தொப்பிக்குள் சிக்கித் தண்டைப் பின்னால் தள்ளும். 'கேஸ் ட்ராப்' என்பது இதற்குப் பெயர். குழலில் ஓட்டை போட வேண்டாம் என்பது வசதி. ஆனால் தொப்பிக்குள் கரி படிந்தது. குறி பார்க்கும் முன்முள்ளும் அந்த உறுப்பின் மேலேயே இருந்ததால், அது கொஞ்சம் ஆடினாலும் குறி தவறியது.

இது போதாதென்று, எட்டுத் தோட்டா கொண்ட கிளிப்பில் ஏழாவது தோட்டா அடிக்கடி இடம் மாறிச் சிக்கியது. எட்டில் ஏழு மட்டும் ஏன்? தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினார்கள். ரிசீவருக்குள் தோட்டாவுக்கு வழிகாட்டும் சின்ன விளிம்பில், எந்திர வேலையின்போது உலோகம் கூடுதலாகச் சீவப்பட்டிருந்தது. ஏற்கெனவே செய்தவற்றில் அந்த இடத்தில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்து நிரப்பினார்கள். இன்றைக்கும் ஒரு ஆரம்பகால எம்1 கையில் கிடைத்தால், சேகரிப்பாளர் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்தப் பொட்டைத்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் மச்சத்தைத் தேடுவது போல!

கேரண்டே தன் தவறைத் திருத்தினார். குழலின் நுனிக்குச் சற்று முன்னால், அடிப்பக்கம் ஒரு சிறு துளை. அவ்வளவுதான். 1940-ல் தயாரிப்பு புதிய முறைக்கு மாறியது. அதற்குள் ஏறக்குறைய 50,000 துப்பாக்கிகள் பழைய முறையில் வெளியே போயிருந்தன. பட்டறைக்கு வரும்போதெல்லாம் பழைய குழலும் தொப்பியும் கழன்று குப்பைக்குப் போயின, புதியவை ஏறின. சில போருக்கே போயின. 1942-ன் ஆரம்ப மாதங்களில் பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் எம்1 சண்டையிட்டது. அங்கே சரணடைந்த படையின் ஆயுதங்கள் திரும்பி வரவில்லை. அப்போது துப்பாக்கியைப் பாராட்டி அறிக்கை அனுப்பியவர், தோட்டா அளவை மாற்றச் சொன்ன அதே மெக்ஆர்தர்தான்.

ஆக, தொப்பியோடு முழுசாக மிஞ்சிய 'கேஸ் ட்ராப்' மிக அரிது. அது மிஞ்சியிருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: யாரும் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. உழைத்த துப்பாக்கி தன் முதல் உறுப்புகளை இழந்துவிட்டது. சும்மா கிடந்தது மட்டுமே அப்படியே இருக்கிறது.

ஒரு ஸ்பிரிங்குக்கு ஊர் ஊராக

துப்பாக்கி கிடைக்காதவர்கள் உறுப்புகளைத் தேடுகிறார்கள். வார இறுதிகளில் பெரிய மண்டபங்களில் நடக்கும் துப்பாக்கிச் சந்தைகளில், மேஜைக்கு அடியில் கிடக்கும் துருப்பிடித்த டப்பாக்களைக் கிளறுவார்கள். வட்டக் கம்பிக்குப் பதிலாகப் பட்டையாக இருக்கும் ஸ்பிரிங், சுத்தம் செய்யும் சாமான் வைக்கக் கதவு இல்லாத அடித்தகடு, பின்குறியின் ஓரத்தோடு ஒட்டி உட்காரும் நட்டு… எல்லாம் ஆரம்பகாலத்து அடையாளம்.

உறுப்புகளில் வரைபட எண் பொறித்திருக்கும். ரிசீவருக்கு டி28291, அதற்குள் ஓடும் போல்ட்டுக்கு டி28287, பின்தள்ளும் தண்டுக்கு டி35382. அதன் பின்னால் வரும் திருத்த எண்ணைப் பார்த்தால் எந்தக் காலத்தில் செய்தது என்று சொல்லிவிடுவார்கள். மரக்கட்டையில் 'எஸ்.பி.ஜி.' என்ற முத்திரை இருந்தால், அது ஸ்டான்லி கிப்ஸ் என்ற பரிசோதகர் பார்த்துத் தேர்வு செய்தது. அவர் அன்றாடம் குத்திய முத்திரைக்காக இன்று ஆட்கள் அலைகிறார்கள்.

அந்தத் தண்டில் ஒரு பழுது இருந்தது. மூலையில் விரிசல் விடும். எனவே பிற்பாடு அந்த மூலையை வளைவாகச் செதுக்கிவிட்டார்கள், பழைய தண்டுகளையும் சேர்த்துத்தான். செதுக்காத தண்டு கிடைத்தால் விலை எகிறுகிறது. பாதுகாப்பானது மலிவு, விரிசல் விடக்கூடியது உசத்தி!

எதிர்பாராத புதையல் பிரிட்டனிலிருந்து வந்தது. 1941-ல் அமெரிக்கா கடனாகக் கொடுத்த ஆயுதங்களில் சுமார் 38,000 எம்1 ரைஃபிள்கள் இருந்தன. பிரிட்டிஷ் துப்பாக்கியின் தோட்டா .303. இதற்கு .30. மாற்றிப் போட்டால் ஆபத்து என்று முன்கட்டையில் சிவப்புப் பட்டை அடித்தார்கள். பிரிட்டன் இவற்றைப் போர்முனைக்குப் பெரிதாக அனுப்பவில்லை. போருக்குப் பிறகு வியாபாரிகள் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பியபோது, அமெரிக்கப் பட்டறைகளின் கை படாமல், 1940, 41-ல் இருந்த கோலத்திலேயே பல வந்தன. சிவப்பு பெயின்ட்டை அசிங்கம் என்று சுரண்டி எடுத்தவர்கள் உண்டு. இன்று அந்தப் பெயின்ட்டுக்குத்தான் விலை.

விலை இருக்கும் இடத்தில் போலி இல்லாமல் இருக்குமா? முத்திரை அச்சுகளைப் புதிதாகச் செய்து குத்துகிறார்கள். 'கேஸ் ட்ராப்' தொப்பியே புதிதாகச் செய்து விற்பனைக்கு வந்தது. அதைவிட மோசம், ராணுவம் இரண்டாக அறுத்துப் பழைய இரும்பாக விற்ற ரிசீவர்களை வாங்கி, பாதிப் பாதியாக ஒட்டவைத்து முழுத் துப்பாக்கி ஆக்கியது. 1950, 60-களில் இந்த வியாபாரம் நடந்தது. அவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சேகரிப்பாளர்களுக்குள்ளேயே தீராத சண்டை ஒன்று உண்டு. 1938-ல் பிறந்து, உலகப் போரிலும் கொரியப் போரிலும் உழைத்து, மூன்று பட்டறைகளில் உறுப்பு மாறிய ஒரு எம்1 கிடைக்கிறது. கட்டையில் எஸ்.ஏ. என்றால் ஸ்பிரிங்ஃபீல்டு, ஆர்.ஏ. என்றால் ராரிட்டன், ஏ.ஏ.ஏ. என்றால் அகஸ்டா என்று ஒவ்வொரு பட்டறையின் முத்திரையும் இருக்கிறது. ஒரு தரப்பு அதையெல்லாம் கழற்றிவிட்டு, 1938-ன் உறுப்புகளைத் தேடிப் பொருத்தி 'சரியாக்க' வேண்டும் என்கிறது. இன்னொரு தரப்பு, அப்படிச் செய்வது ஒரு கிழவரின் சுருக்கங்களைத் துடைத்துப் பள்ளிச் சீருடை மாட்டுவது போல என்கிறது. 'சரியானது' வேறு, 'அசல்' வேறு. இந்தச் சண்டையில் இரண்டாவது தரப்பின் பக்கம்தான் நியாயம். அந்த முத்திரைகளை ஒரு முறை அழித்தால் திரும்ப வராது; அந்தத் துப்பாக்கி எங்கெல்லாம் போனது என்பதற்கு வேறு சாட்சியும் இல்லை.

இவர்களின் இன்னொரு தலம் ஓஹியோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரி. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து காரில் பத்து மணி நேரம். 1907 முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கும் மைதானம். கேரண்ட் பெயரிலேயே ஒரு போட்டி உண்டு. ராணுவம் கழித்த எம்1 ரைஃபிள்களைச் சட்டப்படி பொதுமக்களுக்கு விற்கும் அமைப்பின் கடையும் அங்கே இருக்கிறது. வரிசையாக நிற்கும் துப்பாக்கிகளில், முன்னால் வந்தவர்கள் கவனிக்காத ஒரு பழைய திருகாணி தன் கண்ணில் படாதா என்பதுதான் ஒவ்வொருவரின் கனவு.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கே திரும்பலாம். எம்1 மொத்தம் ஐம்பது லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. உலகப் போரின்போது இந்த மேட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் எந்திரங்களை ஓட்டினார்கள். கேரண்டுக்கு ஒரு துப்பாக்கிக்கு ஒரு சென்ட் கிடைத்ததா? இல்லை. காப்புரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பளம் மட்டும்தான். அவருக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. பதக்கங்கள் கொடுத்தார்கள். 1953-ல் ஓய்வு பெற்று இதே ஊரில் வாழ்ந்தார். 1968-ல் ஆர்மரியை மூடியபோது அவருக்கு வயது 80. 1974 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், இந்த வளாகத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் வந்தது.

மியூசியத்துக்குக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஏற்பத் திறக்கும் நாள்கள் மாறும், தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். கேரண்டின் சோதனை மாதிரிகள் இருக்கும் பகுதியில் கூடுதலாக அரை மணி நேரம் நில்லுங்கள். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கச் சந்தைகளில் வெற்றுத் தோட்டா, சாவிக்கொத்துத் தோட்டா, பழைய கிளிப் எல்லாம் நினைவுப்பொருளாக மலிவாகக் கிடைக்கும். ஆசைப்பட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்திய விமான நிலையத்தில் விளக்கம் சொல்லியே விடிந்துவிடும். போட்டோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.